கருவாட்டு வாடை எங்கே போனது?

கேள்வி: டாக்டர் சாருக்கு வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி. காதல் கல்யாணம் செய்து பாம்பனுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாமியார் கருவாட்டு வியாபாரம் பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே நெத்திலியும் காரலும் காயும். வந்த புதிதில் எனக்குச் சோறே இறங்காது. இப்போது வாடையே தெரியவில்லை. போன மாதம் அம்மா வந்தபோது வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படிடி இதுல இருக்க?" என்று கேட்டார். அப்போதுதான் பயம் வந்தது. கொரோனாவில் போன மாதிரி மூக்கு திரும்பவும் போய்விட்டதா? மல்லிகைப் பூவும் காபியும் மணக்கத்தான் செய்கிறது. பரமக்குடிக்குப் போய்த் திரும்பி வருகிற அன்று மட்டும் கொஞ்ச நேரம் கருவாட்டு வாடை அடிக்கும். என் கணவர் 12 வருஷமாக விசைப்படகு டிரைவர். மாற்றாள் சுக்கான் பிடிக்கும்போது என்ஜின் சத்தத்திலேயே தூங்கிவிடுவாராம், என்ஜின் நின்றால் முழித்துக்கொள்வாராம். கரைக்கு வந்த அன்று குளிக்கும்போது கண்ணை மூடினால் தரை ஆடுகிறது என்கிறார். டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். எதைக் கேட்டாலும் "எல்லாம் பழகிப்போச்சு" என்று ஒரே பதில். மூளை இப்படிப் பழகிப்போவது நல்லதா, கெட்டதா?

— பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூக்கு கெடவில்லை. அதை நான் பரிசோதிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நீங்களே பரிசோதித்து எழுதிவிட்டீர்கள். மல்லிகை மணக்கிறது, காபி மணக்கிறது, பரமக்குடி போய் வந்தால் கருவாடும் கொஞ்ச நேரம் வாடை அடிக்கிறது. கெட்டுப்போன மூக்கு பரமக்குடிக்குப் போய் வந்ததும் சரியாகிவிடாது.

வாடை, என்ஜின் தூக்கம், தரை ஆடுவது, டிவி என்று நான்கையும் ஒரே கூடையில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். முதல் மூன்றையும் "பழகிப்போச்சு" என்ற கணக்கில் எழுதலாம். டிவியை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். எனக்குக் கவலை அதில்தான்.

நானும் தீவுக்காரன்தான். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் முன்பு, மதுரையில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறைக்கு ரயிலில்தான் வருவேன். பாலத்துக்கு முந்தைய ஊரான மண்டபம் நெருங்கும்போது ஜன்னல் வழியாகக் கவிச்சி குப்பென்று அடிக்கும். ரயில் பாலத்தில் ஊர்ந்து பாம்பனுக்கு வந்து சேர்வதற்குள் அது காணாமல் போயிருக்கும். கவிச்சியெல்லாம் மண்டபத்தோடு சரி, எங்கள் தீவு சுத்தம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த மதுரைக்காரன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அந்தப் பெருமை போனது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு முதல் தடயம் கிடைத்தது ஒரு தவளையிடம். 1926-இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும், சுவீடனிலிருந்து வந்திருந்த இங்வே சோட்டர்மானும் தவளையின் சின்னத் தசை ஒன்றை எடுத்தார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு நரம்பிழை மட்டும் சேதி சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தசையில் எடையைத் தொங்கவிட்டு, அந்த இழையில் ஓடும் மின் துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். துடிப்புகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தன. எடையைக் கூட்டினால் துடிப்பு பெரிதாகவில்லை, நொடிக்கு எத்தனை என்ற எண்ணிக்கைதான் கூடியது. சரி, எடையை மாற்றாமல் அப்படியே தொங்கவிட்டால்? எண்ணிக்கை தானாகக் குறைந்துகொண்டே வந்தது. எடை அங்கேயேதான் தொங்குகிறது. நரம்புதான் "சொல்லியாச்சு, இன்னும் எத்தனை தடவை சொல்றது" என்பதுபோல் அடங்கிக்கொண்டு போனது. ஏட்ரியனுக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது.

புலன் நரம்பு பெரும்பாலும் இருப்பதைச் சொல்வதில்லை, மாறியதைச் சொல்கிறது. உங்கள் மூக்குத்தி காலையிலிருந்து மூக்கில்தான் இருக்கிறது. இந்த வரியைப் படிக்கும்வரை அது ஞாபகத்துக்கு வந்திருக்காது.

உங்கள் மூக்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூக்குக்குள்ளே மேல்கூரையில் தபால் தலை அளவு இடத்தில் மணம் பிடிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை வாங்கிகள் உண்டு, ஒவ்வொரு நரம்பணுவும் ஒரு வகையைத்தான் வைத்திருக்கும். இந்த வாங்கிகளின் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் கிடைத்தது. மீன் காயும்போது பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமைன் என்ற பொருளை உண்டாக்குகின்றன. நாம் மீன் வாடை என்று சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அந்தத் துகள் தனக்குரிய வாங்கியில் போய் உட்கார்ந்ததும் நரம்பணுவின் சுவரில் சின்ன வாசல்கள் திறந்து, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. நரம்பு துடிக்கிறது. ஆனால் உள்ளே வந்த அதே கால்சியம், கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து திரும்பி வந்து வாசலை இறுக்குகிறது. மணத்தை அறிவித்த கையே மணியின் நாக்கையும் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை இது. மல்லிகைக்கும் காபிக்கும் முக்கியமாக வேலை செய்வது வேறு வாங்கிகள், அவற்றின் வாசல்களை யாரும் இறுக்கவில்லை. அதனால்தான் அவை பழையபடி மணக்கின்றன.

நொடிக்கணக்குப் பழக்கம் மட்டும் என்றால், கொல்லையிலிருந்து தெருவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு வாடை அடிக்க வேண்டும். அப்படி இல்லை. மூளையும் மெதுவாகத் தன் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் பமீலா டால்டனும் சார்லஸ் வைசாக்கியும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிலருடைய வீட்டில் ஒரே மணத்தை இரண்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். அந்த மணத்துக்கு மட்டும் அவர்களுடைய மூக்கு மந்தமானது. மணத்தை எடுத்துவிட்ட பிறகும் கூர்மை உடனே திரும்பவில்லை. உங்களுக்கு இரண்டு வாரம் இல்லை, மூன்று வருஷம்.

அடுத்து உங்கள் மாமியார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நாள் முழுக்கக் கருவாட்டு நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் சரியாகக் காயாமல் ஈரம் பிடித்த ஒரு கூடையைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு எல்லாக் கூடையும் ஒரே நாற்றம். மாமியாரோ அந்த ஒரு கூடையைத் தள்ளி வைப்பார். பழகிய மூக்கு மந்தமான மூக்கு என்று நினைப்பது அரை உண்மைதான். எப்போதும் இருப்பதைக் கழித்துவிட்டதால் மாறுபட்டது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு ஒரு கட்டாயமும் இருக்கிறது. ஒரு நரம்பு நொடிக்குச் சில நூறு தடவைக்கு மேல் துடிக்க முடியாது. அதன் தராசில் உள்ள கோடுகள் அவ்வளவுதான். வெளியுலகமோ அளவில்லாதது. தனுஷ்கோடி வெள்ளை மணலில் உச்சி வெயிலுக்கும், அமாவாசை இரவில் நடுக்கடலுக்கும் வெளிச்சத்தில் பல கோடி மடங்கு வித்தியாசம். கண்ணின் பாவை முழுதாக விரிந்து சுருங்கினாலும் ஏறக்குறைய 16 மடங்குதான் சமாளிக்கும். மீதியை விழித்திரையின் அணுக்கள் தங்கள் கூர்மையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கின்றன. இருட்டுக்கு நிறம் பார்க்கும் அணுக்கள் 10 நிமிஷத்தில் தயாராகும், மங்கல் வெளிச்சத்தில் பார்க்கும் அணுக்களுக்கு 30 முதல் 40 நிமிஷம் வேண்டும். ராத்திரி வலை வைக்கும்போது முகத்துக்கு நேரே டார்ச் அடிக்கிறவனைப் பெரியவர்கள் வைவதற்கு இதுதான் காரணம். அரை மணி நேரச் சம்பாத்தியத்தை ஒரு நொடியில் செலவழித்துவிடுகிறான்.

இறால் நிறுக்கிற தராசில் கருவாட்டு மூட்டையை வைத்தால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். மூட்டைத் தராசில் ஒரு கை இறாலை வைத்தால் முள் அசையவே அசையாது. நரம்பணு என்பது வருகிற சரக்கைப் பார்த்துத் தன் கோடுகளைத் தானே திருத்திக்கொள்ளும் தராசு. இது வெறும் உவமை இல்லை. ஈயின் கண்ணுக்குப் பின்னால் அசைவைக் கவனிக்கும் எச்1 என்ற நரம்பணுவை வைத்து அட்ரியென் ஃபேர்ஹால், வில்லியம் பியாலெக் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். அசைவுகள் சிறிதாக இருந்தபோது அந்த நரம்பணு சின்னக் கோடுகளைப் போட்டுக்கொண்டது, அசைவுகள் பெரிதானதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் பெரிய கோடுகளுக்கு மாறிவிட்டது. ஈக்கே இவ்வளவு சாமர்த்தியம் என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

உங்கள் கணவர் என்ஜின் சத்தத்தில் தூங்குவதை நான் ரசித்துப் படித்தேன். அதைவிட, என்ஜின் நின்றால் முழித்துக்கொள்வதை. சத்தம் நின்றது எப்படி ஒருவரை எழுப்பும்? 2003-இல் ஜெருசலேமில் நாகும் உலனோவ்ஸ்கி, இஸ்ரேல் நெல்கென் ஆகியோர் பூனைகளின் மூளையில், ஒலியைக் கேட்கும் பகுதியில் இதையொட்டிய ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டு ஒலிகள், ஒன்று அடிக்கடி வரும், மற்றது அபூர்வமாக வரும். அடிக்கடி வருவதற்கு நரம்பணுக்கள் சோம்பலாகத் துடித்தன, அபூர்வமாக வருவதற்குப் பலமாகத் துடித்தன. ஒலிகளை இடம் மாற்றினால் இந்த மரியாதையும் இடம் மாறியது. மனித மூளையிலும், ஒரே மாதிரி வந்துகொண்டிருந்த ஒலி வரிசையில் ஒன்று தவறினால் ஓர் அலை எழும்புகிறது, கவனிக்காமல் இருந்தாலும் எழும்புகிறது. ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாடனென் அதை 1978-இல் எழுதினார். ஆகவே உங்கள் கணவரின் மூளை என்ஜினைக் கேட்காமல் இருக்கவில்லை. "இப்படித்தான் ஓடும்" என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கோடு வருகிறதா என்று ராத்திரி முழுக்க ஒத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு பிசகியதும் ஆளைத் தட்டி எழுப்புகிறது. நல்ல டிரைவர் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் நரம்புகளுக்கிடையே எங்கே பதிகிறது என்று முதலில் தெளிவாகக் காட்டிக்கொடுத்த உயிரினம் நம்முடைய கடலிலும் உண்டு. பாசி படர்ந்த ஆழமில்லாத இடங்களில் கொழகொழவென்று ஊர்ந்து, தொட்டால் ஊதா மை கக்குமே, கடல் முயல். அதன் இனத்தில் ஒன்றை வைத்துத்தான் எரிக் கேண்டல் வேலை செய்தார். உடம்பில் ஓரிடத்தைத் தொட்டால் அது செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப மெதுவாகத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே போகும். தோல் மரத்துப்போகவில்லை, தசையும் சோரவில்லை. உணர் நரம்பு அடுத்த நரம்புக்குக் கொடுக்கும் ரசாயனத்தின் அளவு குறைந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு நோபல் அவருக்கும் வேறு இருவருக்கும் கிடைத்தது.

தரை ஆடுவதற்கு வருகிறேன். கத்தாழை மீன் தலையை உடைத்தால் இரண்டு வெள்ளைக் கல் கிடைக்கும் இல்லையா? மீன் சாய்கிறதா, நிமிர்கிறதா என்று அதற்குச் சொல்வது அந்தக் கல்தான். நம் உட்காதிலும் அதே வேலைக்கு மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. ஒரு ராத்திரி முழுக்கப் படகு ஒரே தாளத்தில் ஆடினால், சிறுமூளை அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டு, வருகிற சேதியிலிருந்து கழிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அவருக்கு வாந்தி வருவதில்லை. கரைக்கு வந்ததும் அலை நின்றுவிட்டது, கழிப்பது நிற்கவில்லை. இல்லாத அலையைக் கழித்தால் எதிர்ப்பக்கமாக ஓர் ஆட்டம் மிஞ்சும். கண் திறந்திருந்தால் சுவரும் கதவும் "நீ அசையவில்லை" என்று சாட்சி சொல்லும். சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது. சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அதுவரை ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் நீடித்தாலோ, அறை சுற்றினாலோ, காதில் இரைச்சலோடு வந்தாலோ அது வேறு விஷயம், நேரில் வரவேண்டும்.

எல்லா நரம்பும் இப்படிப் பழகிக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். கெளுத்தி முள் குத்தியவரைக் கேளுங்கள். வலியைச் சொல்லும் நரம்புகள் லேசில் அடங்குவதில்லை, குத்திய இடத்தைச் சுற்றித் தொட்டாலே வலிக்கும்படி இன்னும் கூர்மையாகிவிடுகின்றன.

நல்லதா, கெட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றம் திடீரென்று வந்தால் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். ஆபத்து மெதுவாக வந்தால் காட்டிக்கொடுக்காது. சமையல் காஸுக்கு இயல்பில் மணமே இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் கசிவு கொஞ்சம் கொஞ்சமாக இருந்து நீங்களும் அடுப்படியிலேயே இருந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம். வெளியிலிருந்து வருகிற யாராவது "காஸ் வாடை அடிக்குது" என்று சொன்னால், எனக்குத் தெரியலையே என்று வாதாடாமல் சிலிண்டரை மூடிவிட்டு ஜன்னலைத் திறங்கள். ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

இன்னொன்றை உங்கள் கணவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மீன் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். காற்றில் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்குப் போனால், சில நிமிஷங்களில் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். இது கருவாட்டுப் பழக்கம் மாதிரி இல்லை, வாயு நரம்பையே முடக்கிப்போடுகிறது. "மொதல்ல நாறுச்சு, இப்ப இல்ல" என்று உள்ளே இறங்குகிறவர்தான் சாகிறார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, இரண்டு மாதம் மூடிக் கிடந்த மீன் அறையைத் திறக்கும்போது மூக்கை நம்பி இறங்கக் கூடாது. திறந்து போட்டு, காற்று நன்றாக உள்ளே போய்வர நேரம் கொடுத்து, மேலே ஆள் நிற்க வைத்து, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

இனி டிவி. பழகிப்போனதற்கும் கெட்டுப்போனதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, உங்கள் பரமக்குடிப் பயணம் காட்டியது அதைத்தான். பழகியது என்றால், விலகி இருந்தால் திரும்பி வரும். கெட்டது வராது. உங்கள் கணவருக்கு இந்தச் சோதனையை அரசாங்கமே வைத்துக் கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இப்போது ஏறக்குறைய பாதி ஓடிவிட்டது, அவர் காதில் என்ஜின் சத்தம் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. டிவி இன்னும் அதே சத்தத்தில்தான் ஓடுகிறதா? ஆமாம் என்றால் அது பழக்கம் இல்லை.

உட்காதில் ஒலியை வாங்கும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. அவற்றிலும் ஒரு பழக்கம் உண்டு, ஆயிரத்தில் சில பங்கு நொடிக்குள் தங்களைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அது காவல் இல்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பதைப் பாதுகாப்பின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. மீட்டர் தேவையில்லை, கை எட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். என்ஜின் பக்கத்தில் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். செத்த மயிரணு மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். பேச்சு கேட்கும், ஆனால் ச, த, ப எல்லாம் குழம்பும். "என்னமோ சொல்றாங்க, புரியல" என்று டிவியைக் கூட்டத் தோன்றும். அவர் சொல்வதும் ஒருவகையில் உண்மைதான், காது குறைவாகக் கேட்பதற்கும் மூளை பழகிக்கொண்டுவிட்டது. அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிகிறது.

ஜூனில் முதல் தடவை கடலுக்குப் போவதற்கு முன்பே அவரை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போய், கேட்கும் திறனைக் கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் வேண்டும் என்று கேளுங்கள். தொழிலுக்குப் போய்வந்த மறுநாள் எடுத்தால் காது தற்காலிகமாகக் களைத்திருக்கும், கணக்கு குழம்பும். இப்போதுதான் சரியான நேரம். அடுத்த பயணத்திலிருந்து என்ஜின் அறைக்குள் இறங்கும்போதெல்லாம் காதை மூடும் உறை போடட்டும், மேலே வந்ததும் கழற்றிக்கொள்ளலாம். "சத்தம் கேக்காம என்ஜின எப்படிப் பாக்குறது?" என்று சண்டைக்கு வருவார். உறை சத்தத்தைக் குறைக்கும், அடைக்காது, என்ஜின் பிசகினால் அவர் மூளைக்கு அது கண்டிப்பாகத் தெரியும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வட்டம் போட்டிருப்பது வலது காது, பெருக்கல் குறி இடது காது. 4000 என்ற எண்ணுக்கு நேரே கோடு பள்ளத்தில் இறங்கி, 8000-க்கு நேரே மறுபடி ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.